சென்னையில் வெளியே சாப்பிடப் போகிறீர்களா? பர்ஸ் இளைக்காமல் இருக்க 12 குறிப்புகள்

மெஸ் பொங்கலிலிருந்து பர்மா நூடுல்ஸான அத்தோ வரை கிடைக்கிற ஊர் நம்ம சென்னை. எதற்கு எந்தப் பேட்டை, எந்த நேரம் என்று தெரிந்துகொண்டால் ருசிக்கு ருசி, காசுக்குக் காசு மிச்சம் தோழிகளே!

1. கடற்கரை – வேளச்சேரி பறக்கும் ரயிலில் ஏறுங்கள். கடற்கரை நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார், திருவல்லிக்கேணியில் ரத்னா கபே, திருமயிலையில் மெஸ்கள் என ஒரே தடத்தில் மூன்று ருசி. பார்க்கிங் தேடும் அலைச்சலும் ஆட்டோ காசும் மிச்சம்.

2. மயிலாப்பூர் ராயர் மெஸ் மாதிரி சின்ன இடங்களுக்கு ஞாயிறன்று போனால் காத்திருந்தே பசி செத்துவிடும். வார நாளில், காலையில் சீக்கிரமே போங்கள். விடுமுறை நாள் எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

3. ரத்னா கபே 1948-லிருந்து சாம்பார் இட்லிக்குப் பேர்போனது. எடுத்த எடுப்பில் ஆளுக்கு இரண்டு பிளேட் சொல்லாதீர்கள். சாம்பாரில் மிதக்கும் இட்லி ஒரு பிளேட்டிலேயே வயிற்றை நிறைத்துவிடும்.

4. வடகறி என்றால் சைதாப்பேட்டைதான். வடகறியை மட்டும் பார்சல் வாங்கி, இட்லியை வீட்டில் ஊற்றினால் குடும்பத்துக்கே ஆகும் செலவு பாதியாகும்.

5. பர்மா பஜார் பக்கம் அத்தோ கடைகள் மாலையில்தான் களைகட்டும். பிள்ளைகளுக்கு மிளகாய்த்தூள் குறைத்துப் பிசையச் சொல்லுங்கள். கூடவே சூடாக வாழைத்தண்டு சூப் குடித்தால் ராத்திரி சமையல் வேலை இல்லை.

6. சௌகார்பேட்டை மின்ட் தெருவுக்கு நாலு பேராகப் போங்கள். ஆளுக்கொன்று வாங்காமல் ஜிலேபி, முறுக்கு சாண்ட்விச், பாதாம் பால் என்று வகைக்கு ஒன்று வாங்கிப் பங்கு போட்டால் எல்லாவற்றையும் ருசிக்கலாம்.

7. ஆந்திரா மெஸ்ஸில் பசியோடு உட்கார முடிந்தால் மட்டும் அளவில்லாச் சாப்பாடு லாபம். வீட்டுக்கென்றால் ஒரு பார்சல் வாங்கி, அரை டம்ளர் அரிசி மட்டும் கூடப் போட்டு வையுங்கள். இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

8. சிக்கன் 65 பிறந்த இடம் என்று சொல்லப்படும் அண்ணா சாலை புகாரி 1951-ல் தொடங்கியது. பிரியாணிக்குத் தொட்டுக்க ஒரு பிளேட் 65 சொன்னால் இரண்டு பேருக்குப் போதும். மிஞ்சிய பிரியாணியை அடுப்பில் கிளறாமல் இட்லிப் பானை ஆவியில் வைத்தால் உதிரியாகவே இருக்கும்.

9. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் வஞ்சிரம் விலை எகிறும். அந்த இரண்டு மாதமும் மெனுவில் நெத்திலி போன்ற சின்ன மீன் இருக்கிறதா என்று பாருங்கள்.

10. சைனீஸ் ஹோட்டலில் சூப்பை 'ஒன் பை டூ' கேளுங்கள், கூச்சமே வேண்டாம். ஃப்ரைடு ரைஸ் அளவைப் பார்த்த பிறகு அடுத்த ஐட்டம் சொன்னால் எதுவும் வீணாகாது.

11. சாதாரண ஹோட்டல் பில்லில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாகப் போட்டிருந்தால் அது கட்டாயமில்லை, எடுக்கச் சொல்லலாம். வேலை செய்த தம்பிக்கு டிப்ஸைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

12. பார்சலுக்குத் தூக்குவாளி எடுத்துப் போங்கள். 2019-லிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் நிறைய கடைகளில் சந்தோஷமாக ஊற்றித் தருவார்கள். மிஞ்சும் சால்னா மறுநாள் தோசைக்கு ஆகும். மிஞ்சிய பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு ஒரு முட்டை உடைத்தால் கொத்து பரோட்டா ரெடி!