வாய்தா என்றைக்கு?

காலை மணி ஐந்தரை. வைட்ஃபீல்டில் இன்னும் விடியவில்லை. ஒரு அம்மா எழுந்து தண்ணீர் பிடிக்கிறார். சோறு வடிக்கிறார். மகளை எழுப்புகிறார்.

"இன்னைக்கு நீயே பள்ளிக்கூடம் போயிடு கண்ணு. அம்மா கோர்ட்டுக்குப் போறேன்."

"மறுபடியுமாம்மா?"

அம்மா பதில் சொல்லவில்லை.

அவர் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். தருமபுரிப் பக்கம் இருந்து பிழைக்க வந்த குடும்பம். கணவர் கொத்தனார். வைட்ஃபீல்டில் உயர்ந்து நிற்கும் கட்டடங்கள் சிலவற்றில் அவர் வைத்த செங்கல்லும் உண்டு. ஒரு நாள் மாலை வேலை முடிந்து சைக்கிளில் வந்தார். லாரி மோதியது. அங்கேயே இறந்துவிட்டார்.

லாரிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். ஒரு வக்கீல் வழக்கை எடுத்தார். அதன் பிறகு இரண்டு வருடம் ஓடிவிட்டது.

கோர்ட்டு சுமார் இருபது கிலோமீட்டர் தூரம். போக வர ஒரு நாள் போய்விடும். ஒரு நாள் கூலியும் போய்விடும். ஒவ்வொரு முறையும் குமாஸ்தா ஒரே பதிலைச் சொல்வார்: "வாய்தா போட்டாச்சு. அடுத்த தேதியை நான் சொல்லி அனுப்பறேன்."

கடைசி இரண்டு மாதமாக எந்தச் சேதியும் வரவில்லை. போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. அதனால்தான் இன்று அவரே கிளம்பினார்.

கோர்ட்டில்

கோர்ட்டு வாசலில் பெரிய கூட்டம். சுவரில் காகிதம் ஒட்டியிருந்தது. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரிசையாகப் பெயர்கள். அந்த அம்மா மாலை வகுப்பில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர். இந்த எழுத்துகள் அவருக்குப் புரியவில்லை.

ஒரு சிப்பந்தியிடம் கேட்டார். "எந்த கேஸ்? நம்பர் என்ன?" என்றார் அவர்.

நம்பரா? அவருக்குக் கணவரின் பெயர் தெரியும். விபத்து நடந்த நாள் தெரியும். லாரி எந்த நிறம் என்பது கூடத் தெரியும். வழக்கு நம்பர் தெரியாது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மதியம் வரை நின்றார். யாரும் அவர் பெயரைக் கூப்பிடவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "அங்கே இ-சேவா மையம் இருக்குதும்மா, போய்க் கேளுங்க" என்று கை காட்டினார்.

மையத்தில் ஒரு பெண் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். கன்னடம் கலந்த தமிழில் பேசினார்.

"பதினாறு எழுத்து நம்பர் இருக்காம்மா?"

"இல்லீங்க மேடம்."

"பரவாயில்லை. உங்க பேரும் கேஸ் போட்ட வருஷமும் சொல்லுங்க. தேடிப் பார்க்கலாம்."

பெயரைத் தட்டினார். வருடத்தைத் தட்டினார். திரையில் வழக்கு வந்தது. அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

"அம்மா, நீங்க சாட்சி சொல்ல வேண்டிய நாள் வந்து போயிடுச்சு. நீங்களும் வரலை, வக்கீலும் வரலை. இருபது நாளைக்கு முன்னாடி கேஸைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க."

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அழாதீங்கம்மா. கதவு மூடலை. வராததால் தள்ளுபடியான கேஸை மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போடலாம். முப்பது நாள் கெடு. உங்களுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. இலவச சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்க. பொம்பளைங்களுக்கு வக்கீல் செலவு கிடையாது."

ஒரு துண்டுக் காகிதத்தில் பதினாறு எழுத்துகளைப் பெரிதாக எழுதிக் கொடுத்தார். "இதைத் தொலைச்சிடாதீங்க. இதுதான் உங்க கேஸுக்குப் பேரு."

பத்து நாள். அந்த அம்மா எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பதினாறு எழுத்து என்ன?

இது ஒரு கதை. ஆனால் இதில் வரும் எண்ணும், மையமும், கெடுவும் உண்மை. அவற்றைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

முன்பு கோர்ட்டு விவரம் எல்லாம் காகிதத்தில்தான் இருந்தது. வழக்குக் கட்டு அலமாரியில் இருக்கும். அடுத்த தேதி தடித்த பதிவேட்டில் இருக்கும். அதைப் பார்க்க வேண்டுமானால் ஆளைப் பிடிக்க வேண்டும். வக்கீல் சொன்னால் உண்டு. குமாஸ்தா சொன்னால் உண்டு. வழக்குப் போட்டவருக்குத் தன் வழக்கே தெரியாது.

இதை மாற்ற இந்தியா முழுவதும் ஒரு திட்டம் வந்தது. அதற்கு இ-கோர்ட்டுத் திட்டம் என்று பெயர். 2007-ல் தொடங்கியது. முதல் கட்டத்தில் 14,249 கீழ் நீதிமன்றங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. 2015-ல் இரண்டாம் கட்டம் தொடங்கியது. அது 2023 வரை நடந்தது. அதில் எண்ணிக்கை 18,735 ஆக உயர்ந்தது. 2023 செப்டம்பரில் மத்திய அரசு மூன்றாம் கட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இதற்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. பழைய காகிதக் கட்டுகளைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் சேர்ப்பதும் இந்தக் கட்டத்து வேலைகளில் ஒன்று.

கோர்ட்டில் இப்போது வேலை எப்படி நடக்கிறது? புதிய வழக்கு வந்ததும் அதைக் கம்ப்யூட்டரில் பதிகிறார்கள். உடனே அதற்குப் பதினாறு எழுத்தும் இலக்கமும் கொண்ட ஒரு எண் விழுகிறது. இதைச் சி.என்.ஆர். எண் என்பார்கள். ஒரு வழக்கின் எண் இன்னொரு வழக்குக்கு வராது.

இந்த எண்ணை ஐந்து துண்டாகப் பிரித்துப் படிக்கலாம்.

முதல் இரண்டு எழுத்து: மாநிலம். கர்நாடகத்துக்கு ஆங்கிலத்தில் கே, ஏ. தமிழ்நாட்டுக்கு டி, என்.
அடுத்த இரண்டு எழுத்து: மாவட்டம் அல்லது நகரம்.
அடுத்த இரண்டு இலக்கம்: எந்த நீதிமன்றம்.
அடுத்த ஆறு இலக்கம்: வழக்கின் வரிசை எண்.
கடைசி நான்கு இலக்கம்: வருடம்.

கூட்டிப் பாருங்கள். இரண்டு, இரண்டு, இரண்டு, ஆறு, நான்கு. மொத்தம் பதினாறு.

விசாரணை நடந்த பிறகு கோர்ட்டு ஊழியர் அடுத்த தேதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். எதற்காக அந்தத் தேதி என்பதையும் ஏற்றுகிறார். சாட்சியா? வாதமா? தீர்ப்பா? அதுவும் தெரியும். நீதிபதியின் உத்தரவையும் ஏற்றுகிறார்கள். இதை யாரும் பார்க்கலாம். காசு கிடையாது.

எப்படிப் பார்ப்பது?

ஒன்று: செல்போனில் இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் என்ற செயலியை இறக்கிக்கொள்ளலாம். அதில் பதினாறு எழுத்து எண்ணைத் தட்டினால் போதும். எண் தெரியாவிட்டால் பெயரையும் வருடத்தையும் வைத்துத் தேடலாம்.

இரண்டு: வழக்குப் போடும்போது உங்கள் சொந்தச் செல்போன் எண்ணைக் கொடுங்கள். அடுத்த தேதி குறுஞ்செய்தியாக வரும். வக்கீல் எண்ணை மட்டும் கொடுத்தால் செய்தி அவருக்குத்தான் போகும்.

மூன்று: செல்போன் இல்லாதவர்கள் இ-சேவா மையத்துக்குப் போகலாம். 2020-ல் இருந்து நாடெங்கும் நீதிமன்ற வளாகங்களில் இவை வந்துகொண்டிருக்கின்றன. அங்கே உட்கார்ந்திருப்பவர் தேதி பார்த்துச் சொல்வார்.

நாடு முழுவதும் எத்தனை வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பதும் இப்போது எல்லாருக்கும் தெரிகிறது. 2015 செப்டம்பர் முதல் தேசிய நீதித்துறைத் தகவல் தொகுப்பை மக்கள் பார்க்க முடிகிறது. கீழ் நீதிமன்றங்களில் மட்டும் 4 கோடிக்கும் மேல் வழக்குகள் காத்திருக்கின்றன. எந்த மாநிலத்தில் எத்தனை, எத்தனை வருடமாக என்றும் அதில் பார்க்கலாம்.

கம்ப்யூட்டர் செய்யாத வேலை

கம்ப்யூட்டர் வந்ததால் வழக்கு நாளைக்கே முடிந்துவிடாது. தீர்ப்புச் சொல்வது நீதிபதி. நீதிபதி குறைவாக இருந்தால் வழக்கு காத்திருக்கத்தான் வேண்டும். கம்ப்யூட்டர் தேதியைக் காட்டும். தேதியை முன்னால் இழுக்காது.

தவறும் நேரலாம். ஊழியர் ஏற்றத் தாமதம் ஆகலாம். இலக்கம் மாறிப் பதியலாம். ஆகவே வாய்தாவுக்கு முந்தின நாள் மாலை மறுபடி ஒரு தடவை பாருங்கள். சந்தேகம் இருந்தால் வக்கீலைக் கேளுங்கள். "தேதி திரையில் தெரியவில்லை" என்று கோர்ட்டுக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. கோர்ட்டு பேரைச் சொல்லிப் போனில் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். "உங்கள் மேல் கேஸ் இருக்கிறது, வீடியோவிலேயே கைது செய்கிறோம்" என்பார்கள். இது மோசடி. போனில் கைது செய்வது என்று நம் சட்டத்தில் எதுவும் இல்லை. அப்படி யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். பணம் அனுப்பாதீர்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களுக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோர் இலவச சட்ட உதவி கேட்கலாம். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. கேட்க வேண்டிய தொலைபேசி எண் 15100.

அம்மா படித்தது

அந்த அம்மா மறுநாளும் வேலைக்குப் போகவில்லை. சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனார். துண்டுக் காகிதத்தை நீட்டினார். ஒரு வக்கீலை ஏற்பாடு செய்தார்கள். கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது மனு உள்ளே போனது. அதில் அவருடைய சொந்தச் செல்போன் எண்ணை எழுதச் சொன்னார்.

சில மாதம் ஆனது. கோர்ட்டு மனுவை ஏற்றது. வழக்கு மீண்டும் உயிர் பெற்றது.

இதற்குள் மகள் அம்மாவுக்குச் செயலியில் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள். ஆங்கில எழுத்தைக் கண்டு அம்மா முதலில் தயங்கினார்.

"ஏம்மா, 335-ஈ பஸ்ஸைத் தூரத்திலயே கண்டுபிடிக்கிறியே. அதுல ஈ இங்கிலீஷ்தானே?"

அம்மா சிரித்துவிட்டார். கணவர் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து மகள் பார்த்ததில்லை.

தினம் இரண்டு எழுத்து. கே. ஏ. பிறகு இலக்கங்கள். இலக்கம் அவருக்கு முன்பே தெரியும். பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் அவர்தானே பார்க்கிறார்? ஒரு வாரத்தில் பதினாறையும் பார்க்காமல் சொன்னார்.

ஒரு மாலை போன் மணியடித்தது. குறுஞ்செய்தி. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். முழுவதும் படிக்க முடியவில்லை. பதினாறு எழுத்து மட்டும் கண்ணில் பட்டது. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அது அவருடைய வழக்குதான். அதன் பக்கத்தில் ஒரு தேதி.

நாள்காட்டியில் அந்தத் தேதியைத் தேடினார். பென்சிலால் வட்டம் போட்டார். மூன்று வீட்டுக்காரர்களிடமும் பத்து நாள் முன்பே லீவு சொன்னார். முந்தின நாள் மாலை மறுபடி பார்த்தார். தேதி மாறவில்லை.

அன்று காடுகோடியில் மெட்ரோ ஏறினார். பத்து மணிக்கெல்லாம் கோர்ட்டில் இருந்தார். சாட்சிக் கூண்டில் ஏறினார். கணவர் என்ன வேலை செய்தார், எவ்வளவு சம்பாதித்தார், அவரை நம்பி வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று நீதிபதி முன் சொன்னார். குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்லி முடித்தார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. அன்று மாலை மகள் கேட்டாள்.

"அடுத்த வாய்தா என்னைக்காம்மா?"

"இரு, பார்த்துச் சொல்றேன்" என்று அம்மா போனை எடுத்தார்.

புதிய சொற்கள்

வாய்தா: வழக்கை விசாரிக்கக் குறித்த நாள்.
தள்ளுபடி: வழக்கை ஏற்காமல் முடித்துவிடுவது.
கெடு: ஒரு வேலையை முடிக்க வேண்டிய கடைசி நாள்.
நிலுவை: முடியாமல் நிற்பது.
குறுஞ்செய்தி: செல்போனில் எழுத்தாக வரும் சேதி.

பேசுவோம்

1. அந்த அம்மாவின் வழக்கு ஏன் தள்ளுபடி ஆனது? யார் யார் என்ன செய்திருக்க வேண்டும்?
2. மனுவில் சொந்தச் செல்போன் எண்ணை எழுதச் சொன்னது ஏன்?
3. உங்கள் தெருவில் யாருக்காவது வழக்கு இருக்கிறதா? அவர்களுக்கு வழக்கு எண் தெரியுமா? கேட்டுப் பாருங்கள்.

எழுதிப் பார்ப்போம்

உங்கள் செல்போன் எண்ணைப் பார்க்காமல் எழுதுங்கள். அதன் கீழே 15100 என்று எழுதுங்கள். காகிதத்தை வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள்.