தாத்தாவின் வெஸ்பா ஏன் நடுவழியில் இறுகிப் போனது?

மாணவர்களே, ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கூட்டரின் பின்சக்கரம் திடீரென்று சுற்றாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறீர்களா? எனக்கு அது நடந்தது. சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில், சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். எஞ்சின் சத்தம் சட்டென்று கம்மியது. அடுத்த நொடி டயர் தார்ச்சாலையில் தேய்ந்து கீச்சிட்டது. இடது கை தானாகவே கிளட்சை அழுத்திவிட்டதால், எஞ்சினிலிருந்து விடுபட்ட சக்கரம் மறுபடி சுழன்றது. பின்னால் லாரி எதுவும் வரவில்லை. ஓரமாக நிறுத்தி இறங்கியபோது கால்கள் நடுங்கின.

வண்டி என் தாத்தாவுடையது. 1962இல் செய்யப்பட்ட வெஸ்பா 150. அதைப் பழுது பார்த்தவனும் நான்தான், கெடுத்தவனும் நான்தான். எங்கே தவறினேன் என்பதை உங்கள் இயற்பியல், வேதியியல் பாடங்களைக் கொண்டே காட்டுகிறேன்.

'வெஸ்பா' என்றால் இத்தாலிய மொழியில் குளவி. போருக்கு முன் விமானங்கள் செய்த பியாஜியோ நிறுவனம், 1946இல் இதை வெளியிட்டது. வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ ஹெலிகாப்டர் ஆய்வில் ஈடுபட்ட விமானப் பொறியாளர். அவருக்கு மோட்டார் சைக்கிள் பிடிக்காது. ஆகவே சங்கிலியை நீக்கி எஞ்சினைப் பின்சக்கரத்தின் பக்கத்திலேயே வைத்தார். குழாய்களால் ஆன சட்டகத்துக்குப் பதில், விமானத்தைப் போல இரும்புத் தகட்டையே வளைத்து உடலாக்கினார். முன்சக்கரத்தைக் கவனியுங்கள், ஒரு பக்கம் மட்டுமே தாங்கியிருக்கும். அதுவும் விமானச் சக்கரத்தின் சாயல்தான்.

தகடே உடல் என்பதால் வெஸ்பாவில் துரு வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. மற்ற மோட்டார்களில் மட்கார்டு துருப்பிடித்தால் மட்கார்டு போகும். இதில் தகடு துருப்பிடித்தால் வண்டியின் எலும்பே போகிறது. தாத்தாவின் வெஸ்பாவில் கால் வைக்கும் இடத்தில் இருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். கீழே தேங்கிய மழைநீர் தகட்டை அப்பளம் போல ஆக்கியிருந்தது. இரும்பு, ஆக்சிஜன், நீர் மூன்றும் ஓரிடத்தில் கூடினால் துரு உண்டாகும் என்று படித்திருப்பீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அந்த மூன்றும் பிரிவதே இல்லை. இதன் மேல் புட்டி பூசிச் சாயம் அடித்து, பளபளவென்று விற்பவர்களும் உண்டு. அப்படிப்பட்ட வண்டியை வாங்குவதைவிடத் துரு தெரியும் வண்டியை வாங்குவது மேல். நான் கெட்ட பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டவைத்தேன். வெல்டிங் வேலையைப் பட்டறைக்காரர் செய்தார்.

சின்னப் பாகங்களின் துருவை மின்பகுப்பால் நீக்கினேன். ஒரு பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடாக் கரைசல். துருப்பிடித்த பாகம் மின்கல மின்னேற்றியின் எதிர்முனையில், பழைய இரும்புத் தகடு நேர்முனையில். சில மணி நேரத்தில் துரு இளகி, தேய்த்தால் வந்துவிடும். ஆனால் எதிர்முனையில் ஹைட்ரஜன் வாயு வெளிவரும், அது தீப்பற்றக்கூடியது. திறந்த வெளியில், பெரியவர் ஒருவர் துணையோடுதான் செய்ய வேண்டும். நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தக் கூடாது. அதிலிருக்கும் குரோமியம் நச்சுச் சேர்மமாகக் கரைசலில் கலந்துவிடும்.

அடுத்து விளக்கு. பழைய மின்னமைப்பு 6 வோல்ட், முன்விளக்கு 25 வாட். திறன் என்பது மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம் அல்லவா? 25ஐ 6ஆல் வகுத்தால் சுமார் 4.2 ஆம்பியர். அதே 25 வாட்டை 12 வோல்ட்டில் கொடுத்தால் 2.1 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மின்னோட்டம் பாதியானால் இழப்பு கால் பங்காகிறது. அறுபது ஆண்டுப் பழைய இணைப்புகளில் மின்தடை அதிகம். தாத்தா காலத்து விளக்கு ஏன் மெழுகுவத்தி போல எரிந்தது என்பது இப்போது புரிந்திருக்கும். 12 வோல்ட்டுக்கு மாற்றினேன். இந்த மாற்றத்துக்காக நான் வருந்தியதே இல்லை.

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

தாத்தாவின் எஞ்சினில் சிலிண்டரின் உள்விட்டம் 57 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரமும் 57 மில்லிமீட்டர். உருளையின் கன அளவுச் சூத்திரத்தில் ஆரம் 2.85 செ.மீ., உயரம் 5.7 செ.மீ. என்று போட்டால் 145.5 கன செ.மீ. வரும். அதைத்தான் 150 என்று எழுதிவைத்தார்கள். கடையில் 63 மில்லிமீட்டர் சிலிண்டரும் பிஸ்டனும் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. அந்த விட்டத்தை அதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 177.7 வரும். ஆறே மில்லிமீட்டர்தான், ஆனால் கொள்ளளவு 22 விழுக்காடு கூடுகிறது. விட்டம் வர்க்கமாகப் பெருகுவதன் வேலை அது. வாங்கிப் பொருத்தினேன். புகைக்குழாயையும் மாற்றினேன். எஞ்சின் தாராளமாக மூச்சு விடட்டும் என்று காற்று வடிகட்டியைக் கழற்றி வைத்தேன். கார்புரேட்டரைத் தொடவில்லை.

கார்புரேட்டரின் நடுவில் ஒரு குறுகலான கழுத்து உண்டு. அங்கே காற்று வேகமாகப் பாயும்போது அழுத்தம் குறைகிறது. இது பெர்னோலி தத்துவம். இந்த அழுத்தக் குறைவுதான் ஜெட் எனப்படும் நுண்துளை வழியே பெட்ரோலை மேலே இழுக்கிறது. வடிகட்டி இருக்கும்போது எஞ்சின் சற்றுச் சிரமப்பட்டே காற்றை இழுக்கும். அதனால் கழுத்தில் அழுத்தம் இன்னும் கொஞ்சம் குறைந்து, பெட்ரோலும் தேவையான அளவு ஏறும். வடிகட்டியை எடுத்ததும் காற்று சுலபமாக வந்தது, பெட்ரோலை இழுக்கும் விசை தளர்ந்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பெட்ரோல் முழுமையாக எரிய, அதன் எடையைப் போல ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும். முழு வேகத்தில் ஓடும்போது பெட்ரோல் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்க வேண்டும். குறைந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும்.

இதில் இன்னொரு வினையும் சேர்ந்துகொண்டது. இது இரண்டு வீச்சு எஞ்சின். இதற்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய் என்று தொட்டியிலேயே கலந்து ஊற்றுகிறோம். ஆகவே பெட்ரோல் குறைந்தால் உராய்வைத் தடுக்கும் எண்ணெயும் குறையும். சூடு ஏறும் அதே நேரத்தில் எண்ணெய் வற்றுகிறது. நிமிடத்துக்கு 5,000 சுற்று என்றால், பிஸ்டன் வினாடிக்கு 83 முறைக்கு மேல் ஏறி இறங்குகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இப்போது வெப்ப விரிவு. பிஸ்டன் அலுமினியக் கலவை, சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் அலுமினியம் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 23 பங்கு விரியும், வார்ப்பிரும்பு சுமார் 11 பங்கு. 63 மில்லிமீட்டர் விட்டத்தில் வெப்பநிலை 100 டிகிரி உயர்ந்தால் பிஸ்டன் 0.145 மில்லிமீட்டரும், சிலிண்டர் 0.069 மில்லிமீட்டரும் பெருக்கும். வித்தியாசம் 0.076 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிப்பளவு. ஆனால் இரண்டுக்கும் இடையில் விட்டிருக்கும் இடைவெளியே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். தவிர, விசிறிக் காற்று சிலிண்டரின் வெளிப்புறத்தில்தான் படும். உள்ளே இருக்கும் பிஸ்டன் அதைவிட அதிகம் கொதிக்கும், அதிகம் விரியும். இடைவெளி தீர்ந்ததும் உலோகம் உலோகத்தைக் கவ்வியது. கழற்றிப் பார்த்தபோது பிஸ்டனின் பக்கவாட்டில் பூனை பிராண்டியது போல நீளக் கோடுகள் இருந்தன.

ஸ்பார்க் பிளக் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. அதன் நுனி தே தாரேக் நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக வெளுத்திருந்தால் குறைவு. என்னுடையது சுண்ணாம்பு போல இருந்தது.

பெரிய ஜெட் போட்டால் தீர்ந்ததா? கலவை சரியாகும். ஜெட்டில் பொறித்த எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறு பங்குகளில் சொல்கிறது. 100 எண் ஜெட்டுக்குப் பதில் 105 போட்டால் துளையின் பரப்பு 10 விழுக்காடு கூடும். அப்படிச் சின்னச் சின்னப் படிகளில் ஏற்றி, ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பார்த்துச் சரிசெய்து, 177இல் நன்றாக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிரேக்கை நினைத்துப் பார்த்தேன். 80 கிலோமீட்டரில் போகும் வண்டி 95இல் போனால் இயக்க ஆற்றல் 41 விழுக்காடு அதிகம். நிறுத்தும்போது அவ்வளவும் 8 அங்குலச் சக்கரத்துக்குள் இருக்கும் சின்ன டிரம் பிரேக்கில்தான் வெப்பமாக மாற வேண்டும். எஞ்சினின் கொள்ளளவை மாற்றினால் ஜேபிஜே அனுமதியும் வேண்டும், காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். கடையில் பெட்டியை வாங்கிய அன்று இவற்றில் ஒன்றைக்கூட நான் எண்ணவில்லை.

தாத்தாவின் பழைய சிலிண்டரை மீண்டும் எடுத்தேன். அதன் உட்சுவர் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்ததால் அப்படியே போட முடியவில்லை. பட்டறையில் 57.4 மில்லிமீட்டருக்குக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டன் போட்டார்கள். கணக்கிட்டால் 147.5 கன செ.மீ. வருகிறது. பழையபடி ஆக்கிவிட்டேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டாலும், தாத்தா ஓட்டியதைவிட இரண்டு கன செ.மீ. கூடுதல்தான். இடைவெளியை ஃபீலர் கேஜால் நானே அளந்து பார்த்தேன். காற்று வடிகட்டி தன் இடத்தில் இருக்கிறது. முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். தே தாரேக் நிறம்.