ஆளுக்கொரு பம்பு

கன்னியாகுமரிக்கோ ராமேசுவரத்துக்கோ சைக்கிளிலேயே போய் வரலாம் என்று கோவில்பட்டியில் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள்கூட இப்போது கிளம்புகிறார்கள். நல்ல காரியம். கிளம்புமுன் சில விஷயம்.

1. வேலையைப் பங்கு போடாதீர்கள். பஞ்சரை அவர் பார்ப்பார், சாப்பாட்டை இவள் பார்ப்பாள் என்று வீட்டிலேயே பிரித்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். எதிர்காற்றில் ஒருவர் ஒரு கிலோமீட்டர் பின்தங்குவது சகஜம். பின்தங்கியவர் டயரில் முள் ஏறினால், முன்னால் போனவர் பையில் இருக்கிற பம்பால் என்ன பிரயோசனம்? ஆளுக்கொரு பம்பு, ஆளுக்கொரு டியூப், தண்ணீர், கொஞ்சம் பணம்.

2. இரண்டு சைக்கிளும் ஒரே அளவு டயர், ஒரே மாதிரி வால்வு. அதுவும் கயத்தாறிலும் விளாத்திகுளத்திலும் கேட்டவுடன் கிடைக்கிற அளவாக இருக்கட்டும்.

3. நம் பக்கத்தில் டயருக்கு எமன் சீமைக்கருவேல முள். கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிப்போகும் டிராக்டர் ரோட்டோரம் உதிர்த்துக்கொண்டே போகும். ஏறிய முள்ளை நின்ற இடத்திலேயே பிடுங்காதீர்கள். காற்று இறங்காதவரை அந்த முள்ளே அடைப்பு. வேப்பமரமோ புளியமரமோ வரட்டும். டியூபுக்கு ஒட்டுப் போட்டதும் வேலை முடிந்துவிடாது. முள் நுனி டயருக்குள் ஒடிந்து நிற்கும். விரலால் தடவினால் விரலில் ஏறும். பழைய பருத்தித் துணியை டயரின் உட்பக்கம் சுற்றி இழுங்கள். நூல் சிக்குகிற இடத்தில்தான் ஆள் இருக்கிறான். குறடால் பிடுங்கிய பிறகு டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொலியூஷன் தடவி, அது மினுமினுப்பு அடங்கிக் காயும்வரை பொறுத்துத்தான் ஒட்டவேண்டும். அவசரக்காரர்கள் அரை மைலில் மறுபடி இறங்குவார்கள். இதை அவரும் பழகவேண்டும், நீயும் பழகவேண்டும் தாயி.

அமெரிக்காவிலிருந்து ஒரு தம்பதி, ஃபேனி புல்லக் வொர்க்மன், வில்லியம் ஹண்டர் வொர்க்மன், 1897-ல் தொடங்கி இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா என்று சைக்கிளில் 14,000 மைல் சுற்றினார்கள். கிளம்பும்போது அவருக்கு 50 வயது, அந்த அம்மாவுக்கு 38. ஒரே நாளில் 40 பஞ்சர் வரை ஒட்டியிருக்கிறார்கள். நமக்கு நாலு வந்தால் மூஞ்சியைத் தூக்கக் கூடாது.

4. சுமை. அவர்கள் எடுத்துப்போனது டீத்தூள், சர்க்கரை, பிஸ்கட், டப்பா இறைச்சி, மருந்து, ரிப்பேர் சாமான், ஆளுக்கொரு போர்வை, தலையணை. தலையணை நல்ல யோசனை. அடுப்பு வேண்டாம். டப்பா இறைச்சிக்குப் பதில் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்க் கடலைமிட்டாய் இருக்கிறது. சாக்லேட் உருகுகிற வெயிலிலும் தாங்கும்.

5. ஆடிக்காற்று மேற்கேயிருந்து அடிக்கும். கயத்தாறு பக்கம் அத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை. ஒத்திகைக்கு எட்டயபுரம் போகாதீர்கள். போகும்போது காற்று தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது இருவரும் ஒருவருக்கொருவர் பேச மாட்டீர்கள். கழுகுமலைக்குப் போங்கள். சுமார் 20 கிலோமீட்டர்தான், எதிர்காற்று. யார் எவ்வளவு தாங்குவார் என்பது போகிற வழியிலேயே தெரிந்துவிடும். வலுவானவர் முன்னால் போய்க் காற்றை மறைக்கட்டும். ஆனால் வேகத்தை மெதுவானவர்தான் தீர்மானிக்கவேண்டும். வெட்டுவான் கோவிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். பக்கத்திலேயே இருந்துகொண்டு பார்க்காத ஆட்கள் நம்மில் நிறைய.

6. தாயி, இது உனக்கு. ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரைக் குறைக்காதே. நீர்க்கடுப்பும் மயக்கமும் அப்படித்தான் வரும். பெட்ரோல் பங்க், டோல்கேட் கழிப்பறைகளை முன்கூட்டியே குறித்து, அங்கெல்லாம் நிற்பதாகவே திட்டம் போடச் சொல். அவர் முகம் சுளித்தால் பயணத்தை ஒத்திப்போடு. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டு, செயின் இழுத்துவிடும்.

7. தை, மாசி நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் போனால் தார் ரோட்டை விட்டு இறங்காதீர்கள். நனைந்த கரிசலில் நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் மண் மட்காட்டுக்குள் அப்பிச் சக்கரம் நின்றுபோகும். உருட்டவும் முடியாது. குச்சியால் நோண்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

8. வொர்க்மன் தம்பதி பெரும்பாலும் ரயில் பாதையை ஒட்டியே போனார்கள், சாமான் கிடைக்குமே என்று. சில ராத்திரி ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில்தான் தூக்கம். முதல் பயணத்துக்கு நீங்களும் கடம்பூர், மணியாச்சி, திருநெல்வேலி என்று ரயிலை விட்டு ரொம்ப விலகாத வழியாகப் பாருங்கள். ஒருவர் போதும் என்றால் மற்றவர் வாதாடக் கூடாது. இதைக் கிளம்புமுன்பே பேசி முடித்துவிடுங்கள். பார்சலில் சைக்கிள் ஏற்றுவது சின்ன ஸ்டேஷனில் நடக்காது, பெரிய ஸ்டேஷனில் விசாரித்து வையுங்கள். ஏற்றுமுன் இரண்டு சைக்கிளிலும் பேரும் ஊரும் எழுதிய அட்டையைக் கட்டி, லைட்டையும் பம்பையும் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காணாமல் போவது அவைதான்.