"வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதுமா?
வளரிளம் பருவக் கல்வி – இந்த மாதப் பாடம்



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இந்த மாதப் பாடம் கொஞ்சம் கூச்சமான விஷயம். ஆனாலும் குழுக் கூட்டம் முடிந்து நோட்டை மூடி வைத்த பிறகு நீங்களே எங்களிடம் மெதுவாகக் கேட்பதுதான் இது. "பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்கு உடம்பைப் பத்தியெல்லாம் சொல்லித் தரணுமா மேடம்?" என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கருத்து உண்டு. "சொல்லிக் கொடுத்தா கெட்டுப் போயிடும். கல்யாணம் வரைக்கும் ஒழுக்கமா இருன்னு சொன்னா போதும்" என்பது ஒன்று. "நமக்குத்தான் யாரும் சொல்லல, அதுங்களுக்காவது தெரியட்டும்" என்பது மற்றொன்று. செண்பகனூரில் மட்டும் இந்தப் பேச்சு இல்லை. இது நாடாளுமன்றம் வரைக்கும் போன பேச்சு.

நாட்டில் நடந்தது என்ன?

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986ல், நம் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் குழு கண்டறிந்தது. அதன்பிறகுதான் இளைய வயதினருக்கு உடலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. மத்திய அரசின் கல்வித் துறையும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2005ல் 'வளரிளம் பருவக் கல்வித் திட்டம்' கொண்டு வந்தன.

2007ல் எதிர்ப்பு கிளம்பியது. பாடத்தில் இருந்த படங்கள் நம் பண்பாட்டுக்கு ஒத்து வராதவை என்றார்கள். மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், கர்நாடகா உள்ளிட்ட பல மாநிலங்கள் திட்டத்தை நிறுத்தி வைத்தன. மாநிலங்களவையின் மனுக்கள் குழுவுக்கு ஒரு மனு போனது. திரு. வெங்கையா நாயுடு தலைமையிலான அந்தக் குழு 2009ல் அறிக்கை தந்தது. பள்ளியில் பாலியல் கல்வி கூடாது, திருமணத்துக்கு முன் உறவு கூடாது என்பதையே சொல்லித்தர வேண்டும், எச்.ஐ.வி. போன்ற பாடங்கள் மேல்நிலை வகுப்பு உயிரியல் புத்தகத்தில் மட்டும் இருந்தால் போதும் என்று அது பரிந்துரைத்தது.

இங்கே கொஞ்சம் யோசிப்போம். மேல்நிலையில் உயிரியல் எடுக்கிற பிள்ளைக்கு மட்டும் பாடம் என்றால், வணிகவியல் எடுத்தவளுக்கு? பத்தாவதோடு நின்று பூண்டுக் காட்டுக்கும் கேரட் கழுவவும் போகிறவளுக்கு? கீழே திண்டுக்கல் பக்கம் மில்லுக்குப் போய் விடுதியில் தங்குகிறவளுக்கு? யாருக்கு இந்த விவரம் அதிகமாகத் தேவையோ, அவளுக்கு அது கிடைக்காமலே போய்விடும்.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. அவசரப்படாதே, படிப்பை முடி, காத்திரு என்று சொல்வது நல்ல அறிவுரைதான். பதினைந்து, பதினாறு வயதில் உடலும் மனசும் அதற்குத் தயாராக இல்லை. வயதுக்கு மீறிய படங்களைக் காட்டக் கூடாது என்பதும் சரியே. தாய்மார்களின் பயத்தை நாங்கள் குறைவாக எண்ணவில்லை. விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்பும் அம்மாவுக்கு மகளைப் பற்றிய பயம் இருக்கத்தான் செய்யும்.

ஆகவே கேள்வி 'காத்திருக்கச் சொல்வதா வேண்டாமா' என்பது அல்ல. அதை மட்டும் சொல்லிவிட்டு மற்ற எல்லாவற்றையும் மறைத்தால் பிள்ளை பத்திரமாக இருக்குமா என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் இதைச் செய்து பார்த்தார்கள். 1996ல் சட்டம் போட்டு, 'திருமணம் வரை காத்திரு' என்று மட்டுமே சொல்லித்தரும் வகுப்புகளுக்கு அரசு பெரும் பணம் கொடுத்தது. பலன் என்ன என்று பார்க்க 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து ஆய்வு செய்தார்கள். 2007ல் முடிவு வந்தது. அந்த வகுப்புக்குப் போனவர்களிலும் போகாதவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர் காத்திருந்தார்கள். வகுப்பால் ஒரு வித்தியாசமும் இல்லை.

சரி, எல்லாம் விளக்கிச் சொன்னால் பிள்ளைகள் கெட்டுப் போகிறார்களா? பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த ஐ.நா.வின் யுனெஸ்கோ நிறுவனம், அப்படி நடப்பதில்லை என்று 2018ல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்கிறது.

ஒழுக்கம் மட்டும் காப்பாற்றுமா?

மாநிலங்கள் திட்டத்தை நிறுத்திய அதே 2007ல், மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் பேசினார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளுக்குச் சமமாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவே இல்லை.

ஏன் சொல்லவில்லை? "நீ ஒழுக்கமா இரு" என்று மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை, தனக்கு ஒன்று நடந்துவிட்டால் தன் மேல்தான் தப்பு என்று நினைக்கிறது. அம்மா அடிப்பாள், படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படுகிறது. உடல் உறுப்புகளின் பெயரைக்கூடச் சொல்லப் பழகாத குழந்தை, நடந்ததை எந்த வார்த்தையில் சொல்லும்? நம் மௌனம் பிள்ளையைக் காப்பதில்லை, தொல்லை கொடுத்தவனைத்தான் காக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

• போக்சோ சட்டம், 2012: 18 வயதுக்குட்பட்ட அனைவரும் குழந்தைகளே. 'விருப்பப்பட்டுத்தான்' என்றாலும் சட்டப்படி குற்றம். காதல் என்று நினைத்து நடந்துகொண்ட பையன்களும் வழக்கில் மாட்டுகிறார்கள். இதை மகளுக்குச் சொல்வது போலவே மகனுக்கும் சொல்லணும்.

• குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006: பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. "பேர் கெட்டுப் போகுமுன்னே கட்டிக் கொடுத்திடுவோம்" என்பது தீர்வு அல்ல. மனைவியே ஆனாலும் 18 வயதுக்குக் குறைந்தவளுடன் உறவு கொள்வது பாலியல் வன்கொடுமை என்று 2017ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

• சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில், 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பாலியல் கல்வி பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற எண்ணம் தவறு என்று கூறியது. 2025 அக்டோபரில், இதை ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே, சிறு வயதிலிருந்தே தொடங்க வேண்டும் என்றும் சொன்னது.

நாம் என்ன செய்யலாம்?

1. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைப் பிள்ளையுடன் சேர்ந்து பாருங்கள். 'வளரிளம் பருவமடைதல்' என்ற பாடம் அதில் இருக்கிறது. உங்களுக்குப் படிக்க வராவிட்டால் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பேச்சைத் தொடங்க இதைவிட எளிய வழி கிடையாது.

2. அந்தப் பாடத்தை 'வீட்டில் படிச்சுக்கோங்க' என்று தாண்டிவிடாமல் நடத்தும்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எந்தப் படம், எந்த வகுப்புக்கு என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

3. வயதுக்கு வருவதற்கு முன்பே மகளிடம் மாதவிலக்கு பற்றிச் சொல்லுங்கள். புதுயுகம் திட்டத்தில் நாப்கின் கொடுக்கிறார்கள். அது எதற்கு என்று சொல்ல வேண்டியது நாம்தான். தீட்டு என்று ஒதுக்கி வைத்தால், தன் உடம்பே அசிங்கம் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

4. "எது நடந்தாலும் என்கிட்ட சொல்லு, நான் உன்னை அடிக்க மாட்டேன், படிப்பை நிறுத்த மாட்டேன்" என்று மகளிடமும் மகனிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

5. இரண்டு எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்: குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417.

கூட்டத்தில் கலந்து பேச

• நம்மில் எத்தனை பேருக்கு வயதுக்கு வருமுன் அம்மா சொல்லித் தந்தார்? சொல்லாததால் என்ன பட்டோம்?
• நம் பையன்கள் இந்த விஷயங்களை எங்கே தெரிந்துகொள்கிறார்கள்? அந்த செல்போன் யாருடையது?
• ஒரு பெண் பிள்ளை பிரச்சினையில் மாட்டினால் நம் குழு அவள் பக்கம் நிற்குமா, இல்லை புறம் பேசுமா?

மூன்றாவது கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல வேண்டாம். நிதானமாகப் பேசி, எடுத்த முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். ஊக்குநர்கள் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு அதைக் கொண்டு வாருங்கள்.

நம் மலையிலேயே, அட்டுவம்பட்டியில் பெண்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984ல் தொடங்கியது. செண்பகனூரிலிருந்து அது எட்டாத தூரத்தில் இல்லை. நம் பெண் அந்த வாசல்வரை போகணும் என்றால் பாதி வழியில் படிப்பு நிற்கக் கூடாது. காத்திருக்கச் சொல்லுங்கள். ஏன் காத்திருக்கணும், தன்னை எப்படிக் காத்துக்கொள்ளணும், யாரிடம் போய்ச் சொல்லணும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.