தோட்ட இரயிலுக்கு ஏற்ற கட்டி எது?

இரண்டாம் ஆண்டு மாணவி, இளம் அறிவியல் (இயற்பியல்)

முன்னுரை

சிற்பி உளியை எடுக்குமுன் கல்லைத் தட்டிப் பார்க்கிறார். எழும் ஓசையைக் கொண்டு ஆண் கல், பெண் கல் என வகுத்து, எந்த வேலைக்கு எது உதவும் என்று முடிவு செய்கிறார். கோயில் சிலைக்கு மட்டுமன்று, இரு கைகளில் ஏந்தும் சிறு மாதிரிக் கட்டடத்திற்கும் இவ்விதி பொருந்தும் என்பதை நான் இரண்டு முறை தோற்ற பின்பே உணர்ந்தேன். அந்த அனுபவத்தைத் தோழியரோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்ட இரயில் என்பது யாது?

தோட்டத்து மண்ணில் சிறு தண்டவாளம் அமைத்து, அதில் பொம்மை இரயில் ஓட்டுவது மேலை நாடுகளில் பலர் விரும்பும் பொழுதுபோக்கு. 1968இல் ஜெர்மனியின் லேமன் நிறுவனம் எல்.ஜி.பி. என்ற பெயரில் இவ்வகை இரயிலை வெளியிட்டது. அதன் தண்டவாள இடைவெளி 45 மி.மீ., அளவு விகிதம் 1க்கு 22.5. நாற்பத்தைந்தை இருபத்திரண்டரையால் பெருக்கினால் ஏறத்தாழ ஒரு மீட்டர் வரும். ஆகவே இது நம் மீட்டர் கேஜ் பாதையின் குறு வடிவமே. 1875இல் திண்டுக்கல்லுக்கு வந்த இருப்புப்பாதையும் மீட்டர் கேஜ்தான். இங்கு அது அகலப் பாதையாகிவிட்டது. மேட்டுப்பாளையம்–உதகை மலைப்பாதையில் மீட்டர் கேஜ் இன்றும் இருக்கிறது.

எங்கள் துறைக் கண்காட்சிக்காக வேப்பமரத்தடியில் இப்பாதையின் மாதிரி ஒன்றை அமைத்தோம். பூட்டுப் பட்டறையில் கழித்துப் போட்ட இரும்புப் பட்டைகளே தண்டவாளம். கையால் தள்ளும் பெட்டியே இரயில். மலையடிவார நிலையக் கட்டடம் ஒன்றைச் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதல் இரண்டு தோல்விகள்

எளிதில் கிடைப்பது தெர்மோகோல். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் காற்றே நிறைந்த பாலிஸ்டைரீன் அது. கத்தி எளிதில் இறங்கும். அழகாக வெட்டி, எனாமல் வண்ணத்தைத் தின்னர் கலந்து பூசினேன். என் கண்ணெதிரே சுவர் குழி விழுந்து கரைந்தது! பாலிஸ்டைரீனும் ஹைட்ரோகார்பன், தின்னரும் பெரும்பாலும் அதே இனம். இனம் இனத்தைக் கரைக்கும் என்று வேதியியல் வகுப்பில் படித்திருந்தும் கைக்கு வரவில்லை.

இரண்டாவதற்கு நீரில் கரையும் வண்ணம் பூசினேன். வண்ணம் நின்றது, கட்டடம் நிற்கவில்லை. ஆடிக் காற்று அதை வேலியோரம் கொண்டு போய்ச் சேர்த்தது. வண்ணம் உதிர்ந்த இடங்களில் வெயில் பட்டு மஞ்சள் பூத்து மாவாக உதிர்ந்தது. புற ஊதாக் கதிர் இப்பொருளின் மூலக்கூறுகளைச் சிதைப்பதே காரணம்.

பிற பொருள்கள்

நெட்டியை நினைத்தேன். தஞ்சைக் கைவினைஞர் பெரிய கோயிலையே நெட்டியில் வடிப்பர். அக்கலை 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் நீர்ச்செடியின் தண்டாகிய நெட்டி ஈரத்தை உறிஞ்சும். கண்ணாடிப் பெட்டிக்குள் அது அரசி, மழையில் அதற்கு வாழ்வில்லை. மாக்கல் மழைக்கு அஞ்சாது, ஆனால் சுமை. அலமாரி செய்யும் பி.வி.சி. ஃபோம் பலகை நீரில் ஊறாது. சன்னல், கதவுச் சட்டங்களுக்கு மிக நன்று. அதைச் சூட்டுக் கம்பியால் மட்டும் அறுக்கக் கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயு வெளிப்படும்.

அப்பா சொன்ன கட்டி

என் தந்தையார் கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்தியே. என் தவிப்பைக் கண்டு அவர், “சைட்டுல ஒடஞ்ச ஏ.ஏ.சி. பிளாக் கெடக்கு தாயி. பழைய ரம்பத்துக்கே வெண்ணெயாட்டம் போகும்” என்றார்.

சிமெண்ட், சுண்ணாம்பு, சாம்பல் அல்லது மணலோடு சிறிது அலுமினியத் தூள் சேர்த்து இதைச் செய்கிறார்கள். அலுமினியம் சுண்ணாம்போடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குமிழிகளை எழுப்ப, கலவை இட்லி மாவு போல் பொங்கும். பிறகு உயரழுத்த நீராவியில் வேகவைத்து இறுக்குவர். 60 x 20 x 10 செ.மீ. அளவுள்ள ஒரு கட்டியின் கொள்ளளவு 12 லிட்டர். கன மீட்டருக்கு 600 கிலோ அடர்த்தி என்று கொண்டால் எடை 7.2 கிலோ. அதே அளவு தெர்மோகோல் (கன மீட்டருக்கு 20 கிலோ) 240 கிராம்; மாக்கல் (2,700 கிலோ) 32 கிலோவுக்கு மேல். காற்றுக்கும் அசையாது, தூக்கவும் முடியும் என்னும் நடுநிலை ஏ.ஏ.சி. கட்டிக்கே உண்டு.

ஒன்பதங்குலச் செங்கல் நம் விகிதத்தில் 10 மி.மீ. நீளமும், 3 மி.மீ.க்குச் சற்று மிகுந்த உயரமும் ஆகும். ஹாக்சா பிளேடின் முனையால் அவ்வரிகளைக் கீற முடிந்தது. அதனினும் நுண்ணிய வேலைக்குக் கட்டியின் குமிழ்த் துளைகள் இடம் தருவதில்லை. நீரையும் இது உறிஞ்சும். எனவே சிமெண்ட் பால் பூசி, உலர்ந்தபின் வெளிச்சுவர் வண்ணம் அடித்து, ஜல்லிப் பரப்பின் மேல் வைத்தோம். ஐப்பசி மழையிலும் நிலையம் நின்றது.

தூசி

ஒன்று கூறாமல் முடிக்க மனம் வரவில்லை. கட்டியை அறுக்கும்போது எழுந்த வெண்தூசியில் எனக்கு இருமல் வந்தது. அப்பா சிரித்தார், அவருக்கு அது பல ஆண்டுப் பழக்கம். நூலகத்தில் தேடிப் படித்தேன். மணலிலும் சாம்பலிலும் உள்ள படிகச் சிலிக்கா நுண்தூசியாகி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் நோய் வரும். வந்தால் முற்றிலும் குணமாக்க மருந்தில்லை. வராமல் காப்பதற்கு வழி உண்டு. கட்டியை நனைத்து அறுப்பது, தகுந்த முகக்கவசம் அணிவது, தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது ஆகியன அவ்வழிகள்.

அன்றிரவே அப்பாவிடம் கூறினேன். “இத்தன வருசமா யாரும் சொல்லலையே” என்றார். இப்போது அவர் வேலைக்குச் செல்லும் பையில் முகக்கவசமும் தண்ணீர்ப் புட்டியும் இருக்கின்றன.

முடிவுரை

செதுக்கும் பொருளைக் கத்தி எளிதில் இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தல் தவறு. வெயில், மழை, காற்று ஆகிய மூன்றையும் அது தாங்குமா என்று பார்க்க வேண்டும். செதுக்குபவரின் மூச்சுக்கு அதனால் கேடில்லாமல் வேலை செய்ய முடியுமா என்றும் பார்க்க வேண்டும். வெளியில் நிற்கும் கட்டடத்திற்கு, நனைத்து அறுத்த ஏ.ஏ.சி. கட்டியும், சட்டங்களுக்கு பி.வி.சி. ஃபோம் பலகையும் ஏற்றவை என்பது என் முடிவு. கட்டியை எனக்குக் காட்டியவர் தந்தை. அதன் தூசியை அவருக்குக் காட்டியது இக்கல்லூரி நூலகம். இரண்டுக்கும் நான் கடமைப்பட்டவள்.