பெரிய பைக், பழைய நம்பிக்கைகள்

கொழும்பு கிராண்ட்பாஸில் பாவித்த மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர் தனியாகப் போவதில்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார். அவர் ஸ்டார்ட் பண்ணி, அக்ஸிலேட்டரை இரண்டு தரம் முறுக்கி, சைலன்சரில் வரும் புகையின் நிறத்தைப் பார்ப்பார். ஆமர் வீதிச் சந்தி வரைக்கும் ஓடிவிட்டு வந்து தலையாட்டுவார். அவர் கணிப்புப் பிழைத்தாலும் பெரிய நட்டமில்லை. பஞ்சிகாவத்தை பக்கத்தில்தான், அங்கே கிடைக்காத உதிரிப்பாகம் எது? 100 முதல் 150 சீசீ வரையான பைக்குகளுக்கு இந்த முறை ஓரளவு பொருந்தும். பலருக்குப் பொருந்தியும் இருக்கிறது.

அதே முறையை விமானத்தில் ஏற்றி லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் மெல்பேர்னுக்கும் கொண்டுபோவதில்தான் சிக்கல். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, கிராண்ட்பாஸ் பொடியன்கள் வெளிநாட்டில் நாலு காசு சேர்ந்ததும் பெரிய பைக் ஒன்றைத் தேடுவது ஆச்சரியமான விஷயமல்ல. களனிப் பாலத்தைத் தாண்டினால் பேலியகொடையில் கட்டுநாயக்க அதிவேகப் பாதை தொடங்குகிறது. 2013 ஒக்டோபரில் அது திறந்த நாளிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு அதில் இடமில்லை. இங்கிலாந்தின் மோட்டார்வேயிலோ பைக்குக்கும் காருக்கும் ஒரே வரம்பு, மணிக்கு 70 மைல். கிலோமீட்டரில் 112. ஊரில் கிடைக்காததை அங்கே அனுபவித்துப் பார்க்கும் ஆசையைக் குறை சொல்ல முடியாது. அந்த ஆசையோடு சேர்ந்து பயணப்படும் சில நம்பிக்கைகளைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: சீசீ கூடினால் பவரும் கூடும்

றோயல் என்ஃபீல்ட் இன்டர்செப்டரின் இயந்திரம் 648 சீசீ. அதன் வலு 47 குதிரைவலு. கவாஸாகி 2023இல் கொண்டுவந்த இசட்எக்ஸ்-4ஆர்ஆர் வெறும் 399 சீசீதான், வலுவோ 77. சிறியதுதான் பெரியதை விழுங்குகிறது. சிலிண்டர் எத்தனை, இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை ஆயிரம் தரம் சுழல்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் வலுவைத் தீர்மானிக்கின்றன. நான்கு சிலிண்டர் கொண்ட அந்தச் சின்னக் கவாஸாகி 14,500 சுழற்சியில் கத்தித்தான் தன் முழு வலுவையும் தருகிறது. இரண்டு சிலிண்டர் என்ஃபீல்ட் அதில் பாதிச் சுழற்சியிலேயே வேலையை முடித்துவிடும்.

இது வெறும் கராஜ் வாசல் வாதமாக இருந்தால் விட்டுவிடலாம். லைசன்ஸ் சட்டமும் இதில்தான் நிற்கிறது. இலங்கையில் கணக்கு எளிது: 100 சீசீ வரை ஏ1, அதற்கு மேல் ஏ. பல்சர் 150 ஓட்டும் அனுமதிப்பத்திரமும் 1000 சீசீ ஓட்டும் அனுமதிப்பத்திரமும் ஒன்றுதான். பிரிட்டனில் நடுத்தர வகுப்பான ஏ2 கிலோவாட்டை எண்ணுகிறது, உச்சம் 35. இன்டர்செப்டர் அந்த எல்லைக்குள் வந்துவிடும்; இசட்எக்ஸ்-4ஆர்ஆரை வலுவைக் குறைக்காமல் ஓட்ட முடியாது. கட்டுப்பாடில்லாத முழு ஏ வகுப்பை நேரடியாக எடுக்க வயது 24 ஆக வேண்டும். ஏ2 எடுத்து இரண்டு வருடம் ஓடியவருக்கு 21 போதும். அவுஸ்திரேலியாவில் பழகுநருக்கு அனுமதித்த பைக் 660 சீசீயைத் தாண்டக்கூடாது, கூடவே டன்னுக்கு 150 கிலோவாட் என்ற வரம்பையும் தாண்டக்கூடாது. இரண்டும் சேர்ந்த நிபந்தனை.

ஊர் லைசன்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் குடியேறியவர் இலங்கை அனுமதிப்பத்திரத்தில் 12 மாதம் ஓட்டலாம். அதற்குப் பிறகு அது அங்கே செல்லாது. பரீட்சை எழுதி, மைதானத்திலும் வீதியிலும் ஓடிக்காட்ட வேண்டும். ‘ஊரில் பத்து வருசம் ஓடினவன் நான்’ என்பது அந்தப் பரீட்சையில் எடுபடாது. முதல் கட்டத்தில் பைக்கைக் கையால் தள்ளி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், நடைவேகத்தில் ஓட வேண்டும், ஒடுங்கிய இடத்தில் யூ வளைவு எடுக்க வேண்டும். பல்சர் 150 சுமார் 145 கிலோ. சுசுகி பண்டிட் 1250 இன் எடை 250 கிலோ. வேகத்தில் போகும்போது அந்தப் பாரம் தெரியாது. வீட்டு வாசலில் திருப்பும்போதுதான் தெரியும்.

நம்பிக்கை: ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்தால் தெரிந்துவிடும்

கிராண்ட்பாஸில் ஓடிப் பார்ப்பதற்கு யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பைக்கின் காப்புறுதி பைக்கோடு இருக்கிறது, சாவியை வாங்கினால் போதும். பிரிட்டனில் மோட்டார் காப்புறுதி ஓட்டுபவரின் பெயரோடு ஒட்டியது. விற்பவரின் காப்புறுதி வாங்க வருபவருக்குச் செல்லாது. வாங்க வருபவரிடம் வேறு பைக்குக்கான காப்புறுதி இருந்தாலும், மற்றவர் பைக்கை ஓட அது இடம் தராமலிருப்பதே அதிகம். காப்புறுதியில்லாமல் பிடிபட்டால் 300 பவுண் தண்டமும் ஆறு தண்டப் புள்ளியும். லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் ஆறு புள்ளி விழுந்தால் லைசன்ஸே இரத்தாகும், மறுபடி பழகுநராகத் தொடங்க வேண்டும். பத்து நிமிட ஓட்டத்துக்குக் கொடுக்கும் விலை அது. ஒரு நாளைக்கு மட்டுமான காப்புறுதி விலைக்குக் கிடைக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போவதே முறை.

தனியார் விற்பனையில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஓடிப் பார்க்க வேண்டுமென்றால் முழுக் காசையும் விற்பவரின் கையில் வைக்கச் சொல்வார்கள். நம் ஆட்களுக்கு இது அவமானமாகப் படும். பைக்கோடு ஓடிப்போன ‘வாடிக்கையாளர்’கள் அங்கே நிறையப் பேர், வேறொன்றுமில்லை. ‘விழுத்தினால் பைக் உனக்கு, காசு எனக்கு’ என்பதுதான் உடன்பாடு. அதை ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது.

சரி, ஓடிப் பார்க்கும்போது எதைப் பார்ப்பது? முதல் வேலை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் இருக்கிறது. இயந்திரத்தின் பக்கமூடியில் கையை வைக்க வேண்டும். சூடாயிருந்தால் விற்பவர் ஏற்கெனவே ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணிவிட்டார் என்று அர்த்தம். குளிரில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும் பைக்கின் குறை அப்போது தெரியாது. அவரிடம் நேரே சொல்லி, ஆறவிட்டு, பிறகு வருவதில் வெட்கமில்லை. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் பற்றரியின் இரு முனையிலும் வோல்ட் மீற்றரை வைத்தால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் காட்ட வேண்டும். அதற்குக் கீழே நின்றால் சார்ஜ் ஆகவில்லை. பெரிய பைக்கில் அந்தத் திருத்தம் மலிவானதல்ல.

பிறகு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்ல இடமும் வலமும் திருப்ப வேண்டும். நடுவில் பல் மாட்டினாற்போல ஓர் உணர்வு வந்தால் ஸ்டீயரிங் பேரிங் தேய்ந்துவிட்டது. அதே இடத்தில், ஹேண்டில் முழுக்கத் திரும்பி முட்டும் உலோக முனைகளையும் பார்க்க வேண்டும். அவை உடைந்தோ நசுங்கியோ இருந்தால் பைக் பலமாக விழுந்திருக்கிறது. புதுப் பெயின்ட் எவ்வளவு மினுங்கினாலும் அந்த முனை பொய் சொல்லாது. முன் ஃபோர்க்கில் ஒயில் கசிவு, பின் ஸ்புறொக்கெட்டில் ஒருபக்கம் சாய்ந்த பற்கள், கால் வைக்கும் பெக்கின் நுனியில் உராய்வு எல்லாம் தேய்மானத்துக்கோ அடிக்கோ சாட்சிகள்.

ஓட்டத்தில் வேகம் கடைசி. இரண்டாம் கியரில் போட்டு அக்ஸிலேட்டரைப் பலமாகத் திறக்கும்போது கியர் கழன்று துள்ளினால் இயந்திரத்தைப் பிரிக்க வேண்டி வரும். மெல்லப் பிறேக் பிடிக்கும்போது லீவர் விரலில் துடித்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது. திரும்பி வந்து, நிறுத்தாமல், ஃபேன் சுழலத் தொடங்கும் வரை ஓடவிட வேண்டும். பல ஜப்பான் பைக்குகளில் தண்ணீர் 100 பாகையை எட்டும்போதுதான் ஃபேன் பிடிக்கும். லண்டன் குளிரில் இதை யாரும் சோதிப்பதில்லை. கோடையின் முதல் நெரிசலில் நடுவீதியில் தெரியவரும்.

நம்பிக்கை: குறைய ஓடிய பைக்தான் நல்ல பைக்

பிரிட்டனில் மீற்றர் காட்டுவது மைல். 20,000 என்று கண்டதும் மனம் 20,000 கிலோமீட்டரை நினைக்கிறது. உண்மையில் அது 32,000.

மீற்றரை மாற்றியிருப்பார்களோ என்ற பயத்துக்கு அங்கே மருந்து இலவசம். மூன்று வருடம் கடந்த பைக் ஒவ்வொரு வருடமும் எம்ஓடி பரிசோதனைக்குப் போக வேண்டும்; அன்று மீற்றர் காட்டிய மைல் அரசின் பதிவில் ஏறும். நம்பர் பிளேட் இலக்கத்தைக் கொடுத்தால் பழைய பரிசோதனைகள் அத்தனையும், எந்தக் குறைக்காக எப்போது தோற்றது என்பதும் வரும். ஒரு வருடம் 18,000, அடுத்த வருடம் 11,000 என்றிருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

நேர்மையான குறைந்த மைலும் எப்போதும் நல்லதல்ல. கராஜில் பத்து வருடம் போர்வைக்குள் நின்ற பைக்கில் டயர் கெட்டியாகியிருக்கும், பிறேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அந்த ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியே கம்பெனிகள் கையேட்டில் அச்சடிக்கின்றன. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பூ தேயாத டயராக இருந்தாலும் அந்த வயதில் அதை நம்பிச் சாய முடியாது.

மறுபக்கம், விற்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. யமஹா எம்டி-07இல் வால்வ் இடைவெளி பார்க்கும் பெரிய சர்வீஸ் 24,000 மைலில் வருகிறது. அதே பைக் 23,000 மைலில் விற்பனைக்கு வந்தால் காரணத்தைக் கேட்க வேண்டும். 25,000 ஓடி, அந்த சர்வீஸின் பற்றுச்சீட்டோடு நிற்கும் பைக் சில நேரம் மலிவாக முடியும்.

நம்பிக்கை: புத்தகம் கையில் இருந்தால் பைக் நம்முடையது

இலங்கையில் கையெழுத்து மட்டும் போட்ட மாற்றப் படிவத்தோடு பைக் நாலு கை மாறும். கடைசி ஆள்தான் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போவார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு பிரிட்டனின் வி5சி என்ற பதிவுப் புத்தகம் உறுதியைப் போலத் தோன்றும். அது உரிமைச் சான்றல்ல என்று அதன் முகப்பிலேயே அச்சடித்திருக்கிறது. வாகனத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர் யார், வரி யார் பெயரில் என்பதைத்தான் அது சொல்கிறது.

அப்படியானால் கடன் பைக்கை வாங்கிவிட்டால்? 1964ஆம் ஆண்டின் தவணைக் கொள்வனவுச் சட்டம் அங்கே ஒரு பாதுகாப்புத் தருகிறது: தவணைக் கடன் இருப்பது தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கிய தனிநபருக்கு வாகனம் உரித்தாகும். களவு பைக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. எத்தனை கை மாறினாலும், எவ்வளவு காசு கொடுத்திருந்தாலும், பொலிஸார் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். அதனால்தான் கடன், களவு, விபத்து மூன்றையும் ஒரே தேடலில் காட்டும் கட்டணப் பரிசோதனையைச் செய்யாமல் காசு கொடுக்கக்கூடாது என்பது. 2017 ஒக்டோபரிலிருந்து காப்புறுதிக் கம்பெனி கைவிட்ட வாகனங்கள் அங்கே ஏ, பி, எஸ், என் என நான்கு வகை. ஏயும் பியும் திரும்ப வீதிக்கு வரக்கூடாது. எஸ் என்றால் கட்டமைப்பில் அடி, திருத்தி ஓடலாம். என் என்றால் கட்டமைப்பில் அடியில்லை, அதையும் திருத்தி ஓடலாம்.

ஒன்ராறியோவில் சட்டமே வாங்குபவரின் பக்கம் நிற்கிறது. பாவித்த வாகனத் தகவல் தொகுப்பு ஒன்றை அரசிடமிருந்து வாங்கி விற்பவர் கொடுத்தே ஆக வேண்டும். மாகாணத்தில் யார் யார் பெயரில் இருந்தது, கடன் பாரம் உண்டா என்பது அதிலிருக்கும். அவுஸ்திரேலியாவில் அதே வகைத் தேடல் இரண்டு டொலர்.

நம்பிக்கை: சத்தம் கூடினால் விலையும் கூடும்

ரேஸ் சைலன்சர் பூட்டிய பைக்கில், வீதிப் பாவனைக்கு அல்ல என்று அச்சடித்த முத்திரை இருந்தால் பிரிட்டனில் எம்ஓடி தோற்கும். கம்பெனி சைலன்சரைக் கையோடு தராவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்ல வேண்டும். கூட்டவல்ல.

நம்பிக்கை: அங்கே வாங்கி ஊருக்கு அனுப்பலாம்

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது, அதுவும் கனத்த வரியோடு. கழற்றிப் பெட்டியில் போட்டு உதிரிப்பாகமாகக் கொண்டுவந்து பூட்டலாம் என்று சொல்பவர்கள் ஒவ்வொரு கராஜ் வாசலிலும் இருக்கிறார்கள். இலங்கைப் பதிவுச் சான்றிதழில் இயந்திர இலக்கமும் சேஸி இலக்கமும் இரண்டும் இருக்கும். பைக்கில் பொறித்திருப்பது அதற்குப் பொருந்தாவிட்டால், எவ்வளவு அழகாகப் பூட்டியிருந்தாலும் வீதித் தடையில் நிற்கும் பொலிஸ்காரர் ஒரு டோர்ச் வெளிச்சத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

அந்த டோர்ச் வெளிச்சம் வாங்குபவர் கையிலும் இருக்க வேண்டும். பெரும்பாலான பைக்கில் சேஸி இலக்கம் ஹேண்டில் கழுத்தில் பொறித்திருக்கும். அதை எழுத்தெழுத்தாகப் பத்திரத்தோடு ஒப்பிட இரண்டு நிமிடம் போதும். லண்டனானாலும் கொழும்பானாலும், அதைப் பார்க்க விடாமல் அவசரப்படுத்தும் விற்பனையாளரிடம் காசைக் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.