முதலில் காது பழகட்டும்

அன்புள்ள பாப்பா,

விசா கைக்கு வந்துவிட்டதாக அக்கா போனில் சொன்னாள். ஸ்பானிஷ் இலக்கணப் புத்தகத்தை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படிக்கிறாயாமே. நல்லதுதான். ஆனால் மெக்ஸிகோ நகரத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு முதல் மாதம் காதுதான் கைகொடுக்கும். வாய் பின்னால் தானே வந்து சேரும். பாடத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தருவார்கள். நான் தெருவைப் பற்றி எழுதுகிறேன்.

இந்த ஊரில் தெருவுக்கு எது வந்தாலும் சத்தத்தோடுதான் வரும். குப்பை லாரிக்கு முன்னால் ஒருவர் கைமணி அடித்துக்கொண்டு நடப்பார். மணி கேட்டதும் எல்லா வீட்டுக் கதவும் திறக்கும், பையோடு கீழே இறங்குவார்கள். அந்த மணியைத் தவறவிட்டால் குப்பை உன்னோடுதான் இருக்கும். கேஸ் சிலிண்டர் விற்பவர் 'எல் காஸ்' என்று அடித்தொண்டையிலிருந்து இழுத்துக் கூவுவார். இருபது லிட்டர் தண்ணீர்க் கேனுக்கு வேறொரு கூவல். கத்திக்குச் சாணை பிடிப்பவர் கூவுவதே இல்லை. சிறிய ஊதுகுழலை உதட்டில் வைத்து, மேலே ஓரிழுப்பு, கீழே ஓரிழுப்பு ஊதிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்.

பழைய சாமான் வாங்கும் வண்டியின் ஒலிபெருக்கியில் ஒரு சிறுமியின் குரல் பதிவு ஓடும். மெத்தை, ஃபிரிட்ஜ், அடுப்பு, வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், பழைய இரும்பு என்று வரிசையாக ராகத்தோடு அடுக்கிக்கொண்டே போகும். நகரத்தில் எந்தப் பேட்டைக்குப் போனாலும் அதே குரல்தான். வந்த புதிதில் எரிச்சலாக இருக்கும் என்று பலர் சொல்வார்கள். நீ எரிச்சல்படாதே, கவனித்துக் கேள். வீட்டுச் சாமான்களின் ஸ்பானிஷ் பெயர்கள் எல்லாம் காசு செலவில்லாமல் மனப்பாடமாகிவிடும், அதுவும் சரியான உச்சரிப்போடு.

இருட்டிய பிறகு ஒருநாள் ரயில் எஞ்சின் உன் ஜன்னலுக்கு அடியில் வந்து நிற்பது போல ஒரு வீறிடல் கேட்கும். பயப்படாதே, அது சர்க்கரைவள்ளிக் கிழங்கு வண்டி. சக்கரம் வைத்த தகர அடுப்பு, உள்ளே விறகு. சேர்ந்த நீராவியை ஒரு குழாய் வழியாகத் திறந்துவிடும்போது எழும் ஓசை அது. உச்சத்தில் தொடங்கி மெல்ல மெல்ல இறங்கி அடங்கும். கீழே போய் வாங்கிச் சாப்பிடு. வெந்து குழைந்த கிழங்கையோ வாழைப்பழத்தையோ நடுவில் கீறி, மேலே கண்டென்ஸ்டு மில்க் ஊற்றித் தருவார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டுக்கு வரும் நம் பிள்ளைகள் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, ஊர்ப் பாட்டைக் கேட்டபடியே தெருவைக் கடந்துவிடுகிறார்கள். தனிமைக்கு அது மருந்து என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது தனிமையை வளர்க்கத்தான் செய்கிறது. தெருவின் சத்தம் எதுவென்று தெரிந்துவிட்டால், எந்த நேரத்துக்கு யார் வருவார்கள் என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அது அந்நிய ஊராக இருக்காது.

மொழி விஷயத்தில் நீ கொடுத்து வைத்தவள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் திணறும் சில ஒலிகள் நமக்குப் பிறவிச் சொத்து. ஸ்பானிஷில் 'n' மேல் சிறு அலை போட்டு எழுதுகிறார்களே, அது நம்முடைய 'ஞ' தான். உயிரொலி ஐந்தே ஐந்து, நம் அ, எ, இ, ஒ, உ போல. ஒற்றை 'r' நம் 'ர'. இரட்டை 'r'க்கு மட்டும் நாக்கை நன்றாக உருட்ட வேண்டும்.

பேசத் தொடங்கும் முன் ஒரு முறை இருக்கிறது. கடையில் போய் எடுத்த எடுப்பில் 'தக்காளி என்ன விலை?' என்று கேட்கக் கூடாது. காலையானால் 'புவேனோஸ் தியாஸ்', மத்தியானத்துக்கு மேல் 'புவேனாஸ் தார்தெஸ்', இருட்டினால் 'புவேனாஸ் நோச்செஸ்'. முகமன் சொல்லிவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும். லிஃப்டில் ஏறும்போதும், டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில் நுழையும்போதும் அப்படித்தான். சாப்பாட்டுக் கடையிலிருந்து கிளம்பும் முன்பின் தெரியாதவர்கூட உன் மேஜையைத் தாண்டும்போது 'ப்ரோவெச்சோ' என்று வாழ்த்திவிட்டுப் போவார். நன்றாகச் சாப்பிடு என்கிற அன்பு அது. நிமிர்ந்து பார்த்து 'கிராசியாஸ்' சொல்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். மிளகாய் நமக்கு வந்ததே இந்தப் பக்கத்திலிருந்துதான். பூசணிப்பூவும், சப்பாத்திக்கள்ளி மடலும் சந்தையில் குவிந்து கிடக்கும். நீ சைவம் என்பதால் ஒன்று மட்டும்: 'இறைச்சி இல்லாமல்' என்றால் கோழியைச் சிலர் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். பீன்ஸில் பன்றிக் கொழுப்பும், சாதத்தில் கோழிச்சாறும் இருக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடு. மத்தியானச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான்.

இந்நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் ஊட்டி அளவு. முதல் வாரம் படியேறினால் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். தண்ணீர் நிறையக் குடி. நீ வரும் ஆகஸ்டில் சாயங்கால மழை உண்டு, ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும்.

கடைசியாக, நீ தவறவே விடக்கூடாத ஒரு சத்தம் இருக்கிறது. நிலநடுக்க எச்சரிக்கை. தெருக் கம்பங்களில் கேமராவோடு ஒலிபெருக்கியும் பொருத்தியிருப்பார்கள். அவற்றிலிருந்து ஏறி இறங்கும் ஓர் ஓலமும், நடுநடுவே 'அலெர்த்தா சீஸ்மிக்கா' என்ற ஆண்குரலும் வரும். பசிபிக் கரையோரம் உணர்கருவிகள் இருக்கின்றன. அங்கே நிலம் அதிர்ந்ததும் செய்தி வானொலி அலையில் பாய்ந்து வந்துவிடும். அதிர்வு நிலத்துக்குள் முந்நூறு கிலோமீட்டர் ஊர்ந்து வர நேரம் பிடிக்கும். அந்த இடைவெளி, சில சமயம் ஒரு நிமிடம் வரை, உனக்குக் கிடைக்கும் அவகாசம்.

1985 செப்டம்பர் 19 அன்று அந்த அவகாசம் யாருக்கும் இருக்கவில்லை, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதன் பிறகுதான் இந்த ஏற்பாடே வந்தது. 2017இல் அதே செப்டம்பர் 19 காலை நகரமே ஒத்திகை நடத்தி முடித்தது. இரண்டு மணி நேரம் கழித்து நிஜமாகவே நடுங்கியது. மையம் பக்கத்தில் இருந்ததால் ஓலம் கேட்கும்போதே தரை ஆடத் தொடங்கிவிட்டது. எச்சரிக்கை எப்போதும் முன்னதாக வரும் என்று நம்பிவிடாதே. செருப்பும் சாவியும் கதவோரம் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

வீடு பார்க்கும்போதும் இதை மனதில் வை. நகரத்தின் நடுப்பகுதி பழைய ஏரிப்படுகை. டெஸ்கோகோ ஏரியை வற்றவிட்டு எழுந்த ஊர், அடியில் ஈரக் களிமண். அதிர்வு அதில் பலமடங்காகும். நான் இருக்கும் ரோமாவும் பக்கத்துக் கொந்தேசாவும் அழகான மரநிழல் தெருக்கள், ஆனால் இரண்டு பூகம்பங்களிலும் அடிபட்டவை. உன் பல்கலைக்கழக வளாகமோ ஷீத்லே எரிமலை கக்கிய பாறைக் குழம்பின் மேல் கட்டியது, கெட்டியான நிலம். கொப்பீல்கோ பக்கம் அறை எடுத்தால் வகுப்புக்கு நடந்தே போகலாம். வாடகை கொஞ்சம் கூடினாலும் எனக்கு அதுதான் நிம்மதி.

செப்டம்பர் 19 ஒத்திகையில் அலட்சியமாக இருக்காதே. ஓடாமல், கத்தாமல், தள்ளாமல், பச்சைப் பலகை காட்டும் இடத்தில் போய் நில். அக்காவிடமும் முன்கூட்டியே சொல்லி வை. இங்கே காலை எட்டு என்றால் அங்கே இரவு ஏழரை. டிவியில் ஏதாவது செய்தி ஓடினால், நீ கூப்பிடும் வரை அவளுக்கு உயிர் இருக்காது.

அன்புடன்,
சித்தி